வெட்டிய வரிகள்

இவர் இசையமைத்த எல்லாவற்றுக்கும் இரண்டாவது கொப்பி என் கையெழுத்தில் இருக்கும். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அம்மா படுக்கையில் விழுந்துவிட, சின்னதுகளைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. ஆனால் எழுத்து மட்டும் வடிவாக வரும். ஆட்களோடு கதைக்க எனக்கு எப்போதும் கூச்சம். கடதாசியோடு கூச்சம் இல்லை.

இவர் என்று நான் எழுதுவது என் கணவரை. குருநகரில் கடற்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் போகாமல் சங்கீதம் படித்தவர். எண்பத்துமூன்றில் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத மாஸ்ரராக இருந்தார். நான் மாமியோடு குருநகரில் இருந்தேன். அந்த ஆடி மாதக் கலவரத்தில் இவர் வாடகைக்கு இருந்த அறையை எரித்துவிட்டார்கள். இளவயதிலிருந்து எழுதிச் சேர்த்த இசை முழுவதும் அங்கேதான் இருந்தது. அகதிக் கப்பலில் வந்து இறங்கியபோது உடுத்த சாரமும் யாரோ கொடுத்த சேட்டும்தான் மிச்சம். வீட்டுக்கு வந்து மூன்று நாள் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"இஞ்சாரும், ஒண்டுக்கும் ரண்டாம் கொப்பி இல்லை," என்றார். கொஞ்சம் பொறுத்து, "உம்மடை எழுத்து வடிவுதானே?" என்று கேட்டார்.

அப்படித்தான் தொடங்கியது. ஸ, ரி, க, ம என்று எழுத்துகள். மேலே புள்ளி வைத்தால் மேல் சுரம், கீழே வைத்தால் கீழ்ச் சுரம், நீட்ட வேண்டிய இடத்தில் காற்புள்ளி. தாளத்துக்கு நெட்டுக்கோடு. அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, ஒரு புள்ளியும் பிசகாமல் பார்த்து எழுதுவேன். இவர் வாயால் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவதால், எந்த வரி எப்படி ஒலிக்கும் என்று எனக்கும் ஒரு கணக்கு உண்டாகிவிட்டது. பாடச் சொன்னால் பாடமாட்டேன். பார்த்தால் தெரியும்.

மெட்டுப் போடுவதை எல்லாரும் பெரிய வேலை என்று நினைப்பார்கள். இவர் அதை வெற்றிலை போடுகிற மாதிரிச் செய்துவிடுவார். கஷ்டம் அதற்குப் பிறகுதான். எந்த இடத்தில் வயலின் வரவேண்டும், எதை வீணைக்குக் கொடுப்பது, பெண் குரல்கள் எங்கே எழும்ப வேண்டும், ஆர்மோனியம் எங்கே வாய் மூட வேண்டும் என்று பிரித்துப் பிரித்து எழுதுவார். அதுவும் யாரோ ஒரு வயலினுக்கு எழுதுவதில்லை. இந்தப் பிள்ளைக்கு இந்த விரல் பலம், அந்த மனுசிக்கு மூச்சுக் குறைவு என்று ஆளைப் பார்த்து எழுதுவார். அதனால்தான் ஓர் ஆள் போய்விட்டால் முழுவதையும் திரும்ப எழுதவேண்டி வரும்.

ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

சண்டையால் குருநகரில் இருக்க முடியாமல் நாங்கள் கொக்குவிலுக்கு வந்து, ஒரு சைவக் குடும்பத்தின் வளவில் அரைவாசி வீட்டில் இருந்த காலம் அது. கரண்ட் இல்லை. சவுக்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கடதாசியும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பழைய சோதனைத் தாள்களை இவர் கேட்டு வாங்கி வருவார். ஒரு பக்கம் பிள்ளைகள் எழுதிய பூமிசாஸ்திர விடை, மறுபக்கம் எங்கள் சுரம். எழுதிய தாளைக் கிழித்து எறிவது எங்கள் வீட்டில் பாவம். பிழை விட்டால் ஒரு கோடு கீறி வெட்டிவிட்டு அடுத்த வரியில் தொடர்வோம்.

இடம்பெயர்ந்து வந்த எங்கள் கத்தோலிக்கப் பங்கு ஆட்களுக்கு அங்கே ஒரு சின்னக் கோவில் கிடைத்திருந்தது. மாதா திருநாளுக்கு இவர் ஒரு பெரிய உருப்படி செய்துகொண்டிருந்தார். சிலுவையடியில் நிற்கிற தாயைப் பற்றியது. சுபபந்துவராளி ராகம். நடுவில் பாட்டு நின்றுபோய், ஒரு வாத்தியம் மட்டும் தனியாக அழுதுகொண்டு போகும். பன்னிரண்டு வரி. அந்தப் பன்னிரண்டு வரிக்காகத்தான் மற்றதெல்லாம் செய்ததென்று நான் நினைக்கிறேன். எரிந்துபோனதில் இப்படி ஒன்று இருந்ததாம். அது திரும்பி வந்துவிட்டது என்று ஒருநாள் சொன்னார்.

அந்தப் பன்னிரண்டு வரியையும் முதலில் புல்லாங்குழலுக்குத்தான் எழுதியிருந்தார்.

புல்லாங்குழல் வாசித்தவர் கலியாணம் முடித்து ஒன்றரை வருடம்தான். மனைவியும் குழந்தையும் எப்படியோ கொழும்புக்குப் போய்விட்டார்கள். தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், பத்து நாளில் வருவேன் என்று எழுதிக் கொடுத்து அவரும் பாஸ் எடுத்திருந்தார். அந்தக் காலத்தில் இயக்கம் தருகிற பாஸ் இல்லாமல் குடாநாட்டைவிட்டு வெளிக்கிட முடியாது. போனால் திரும்பி வரமாட்டேன் என்று இவரிடம் மட்டும் இரகசியமாகச் சொன்னார்.

இவர் ஒருவருக்கும் வாயால் சொல்லவில்லை. அது சத்தியம். ஆனால் அடுத்த பாட்டுப் பழக்கத்தின்போது அந்தத் தாளை எடுத்து வயலின் வாசிக்கிற பிள்ளையின் கையில் கொடுத்து, "இனி இது உமக்கு," என்றார். திருநாளை நினைத்துச் செய்தார். வேறு நினைப்பு இல்லை. ஆனால் அங்கே இருந்த எல்லாரும் விளங்கிக்கொண்டார்கள். பத்து நாளில் வருகிற ஆளின் பங்கை யார் இன்னொருவருக்குக் கொடுப்பார்கள்? பாடுகிற பெண்களில் ஒருத்தியின் தமையன் பாஸ் எழுதுகிற இடத்தில் இருந்தான். அவள் கெட்டவள் இல்லை. வீட்டில் சோறு போடும்போது சும்மா சொல்லியிருப்பாள். மூன்றாம் நாள் அவரைக் கூப்பிட்டு விசாரித்துப் பாஸைத் திருப்பி வாங்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் பழக்கத்துக்கு வரவில்லை. சந்தியில் எங்களைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார். இவர் இரண்டு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. "நான் ஒண்டும் சொல்லேல்லையே, சொல்லேல்லையே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் வாசல் படலையடியில் வயலின் பிள்ளையின் தாய் நின்றாள். புருஷன் இல்லாத மனுசி. இடியப்பம் அவித்துப் பெட்டியில் வைத்துக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவிக்கிறவள். இவர் பள்ளிக்கூடம் வெளிக்கிட்டுப் போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்தாள்.

"மாஸ்ரர் போட்டாரோ அக்கா?"

"ஓம், இப்பத்தான். ஏன், உள்ளுக்கு வாருமன்."

உள்ளே வரவில்லை. இடியப்பப் பெட்டியை இடுப்பில் வைத்தபடியே கதைத்தாள். கதைக்கும்போது தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையை அனுப்பப் போறன் அக்கா. என்ரை பெரியக்காவுக்குக் கண் ஒப்பரேசன். கைபிடிச்சுக் கூட்டிப்போக ஒரு ஆள் வேணுமெண்டு பாஸ் எடுத்திருக்கு. இந்த வயசுப் பிள்ளையளை விடமாட்டினம் எண்டு வயசை ரண்டு குறைச்சுத்தான் எழுதிக்கிடக்கு. ஆரும் வாயைத் திறந்தால் சரி, முடிஞ்சுது."

அவளுடைய மூத்தவன் ஒருநாள் பின்னேரம் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டுப் போனவன். பிறகு வரவே இல்லை. அந்தச் சைக்கிளை அவள் இன்னும் துடைத்து வைக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மிச்சம் இந்தப் பெட்டைதான்.

"எப்ப போறா?"

"நாள் தெரியாது. வள்ளத்து ஓட்டி சொல்லி அனுப்புவார், அண்டைக்கே வெளிக்கிட வேணும். திருநாளுக்கு முந்தியோ பிந்தியோ தெரியாது. அதுதான் உங்களிட்டை வந்தனான். மாஸ்ரருக்குச் சொல்லிப்போடாதையுங்கோ."

"அவர் ஒருத்தருக்கும்..."

"தெரியும் அக்கா. தங்கமான மனுசன். அந்த மனுசனுக்கு முகத்தில கள்ளம் வராது, அதுதான் பயம். பிள்ளையின்ரை பங்கை மாத்தி எழுதினாரெண்டால் ஊருக்கே பறை தட்டின மாதிரி."

தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஒருநாளைக்கு நான் பெட்டியில்லாமல் வெறுங்கையோட இந்தப் படலையால போனால், பிள்ளை போட்டாள் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ," என்றாள். பெட்டியைத் திறந்து, "இடியப்பம் பத்து எடுங்கோவன் அக்கா. ஆரும் கண்டால் வியாபாரம் எண்டு நினைக்கட்டும்," என்று சொல்லி என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த இடியப்பத்தை இரவு இவருக்கே போட்டேன்.

இவரிடம் நான் ஒன்றும் மறைத்ததில்லை. மறைக்கிற அளவுக்கு என்னிடம் ஒன்றும் இருந்ததும் இல்லை. இப்போது ஒவ்வொரு நாளும் இவர் அந்தப் பன்னிரண்டு வரியை முணுமுணுக்கும்போது நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவேன். சொன்னால் இந்த மனுசன் அன்றைக்கே பங்கைப் பிரித்து எழுதத் தொடங்குவார், அவருக்கு வேறு விதமாக இருக்கத் தெரியாது. சொல்லாவிட்டால் திருநாளன்று கோவில் நிறைந்த சனத்துக்கு முன்னால் பாட்டு நிற்கும், வயலின் வராது, இவர் கையைத் தூக்கியபடி நிற்பார். எரிந்துபோய்த் திரும்பி வந்தது அந்த இடத்தில் இரண்டாம் தரம் சாகும். ஒரு பக்கம் பெட்டையின் சீவன், ஒரு பக்கம் இது. தராசில் வைத்தால் எது கனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தாலும் மற்றத் தட்டு வெறுந்தட்டு இல்லையே.

மாதாவிடம் கேட்டேன்.

அப்போது இவர் பாட்டின் கடைசிப் பகுதியில் கொஞ்சம் திருத்தி, எல்லாருடைய தாளையும் புதிதாக எழுதித் தரச் சொல்லியிருந்தார். மத்தியானத்தில் பாய் போட்டுக் குந்தியிருந்து எழுதினேன். வீணை ரீச்சரின் தாளை எழுதிக்கொண்டு போகையில் நடுப்பகுதி வந்தது. அந்த இடத்தில் "வயலின் மட்டும், பன்னிரண்டு வரி பொறுக்க" என்று எழுத வேண்டும். பேனை நின்றது.

பக்கத்தில் வயலின் தாள் கிடந்தது. முதல் நாலு வரிக்கும் எழுத்துகளுக்குக் கீழேதான் புள்ளிகள். கீழே, அடித்தொண்டையில் போகிற இடம். அது வீணைக்கு வரும் என்று பட்டது. நடு நாலு வரியில் புள்ளியே இல்லை, நிதானமாகப் போகும். ஆர்மோனியம் வாசிக்கலாம். கடைசி நாலு வரி முழுக்க மேலே புள்ளி, நட்சத்திரம் தெளித்த மாதிரி. அதைப் பெண்கள் பாடித்தான் ஆகவேண்டும், வேறு ஆள் இல்லை.

நான் அப்படியே எழுதிவிட்டேன். என்ன துணிவில் எழுதினேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஓர் ஆளின் பங்கை எடுத்து இன்னோர் ஆளுக்குக் கொடுத்தால்தானே ஊருக்குத் தெரியும்? வயலின் தாளில் நான் கை வைக்கவில்லை. அது அப்படியே பிள்ளையிடம் இருக்கும். மற்ற ஒவ்வொருவருக்கும் நாலு வரி கூட, அவ்வளவுதான். பழக்கத்தில் எல்லாரும் சேர்ந்து வாசித்தால் இவர் கவனிக்கமாட்டார் என்று நினைத்தேன்.

சங்கீதம் தெரியாத ஆள்தான் அப்படி நினைப்பாள்.

பழக்கம் வளவுக்குப் பின்னால் வேப்பமரத்தின் கீழ்தான். பக்கத்தில் பங்கர். ஹெலிச் சத்தம் கேட்டால் எல்லாரும் அதற்குள் இறங்குவோம், வீணை மட்டும் உள்ளே வராது, அதைப் பாயால் மூடிவிட்டு ரீச்சர் அழாக்குறையாக இறங்குவா. அன்று ஹெலி வரவில்லை. வானம் துப்புரவாக இருந்தது. நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு நடுப்பகுதிக்கு வந்து நின்றது. பிள்ளை வில்லைத் தந்தியில் வைத்தாள். அதோடு வீணையும் தொடங்கியது.

இவர் தலையை நிமிர்த்தினார். கை தாளம் போட்டபடியே இருந்தது. நாலு வரி போய் வீணை நிற்க, ஆர்மோனியம் பிடித்துக்கொண்டது.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!"

எல்லாம் நின்றது. பிள்ளையின் வில் மட்டும் ஒரு சுரம் கூடப் போய் நின்றது.

"தனியப் போற இடத்தில உங்களுக்கு என்ன வேலை? தாய் ஒருத்தி தனிய நிண்டு அழுகிறா, நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒப்பாரி வைக்கிறியளோ?"

"மாஸ்ரர், தாளில கிடக்குது," என்றா வீணை ரீச்சர்.

"எனக்கும் கிடக்குது," என்றார் ஆர்மோனியக்காரர். எழுபது வயது மனுசன், வாய் சும்மா கிடக்காது. "நான் நினைச்சன், சம்பளம் இல்லாத வேலையெண்டபடியால் வேலையையாவது கூட்டித் தந்திருக்கிறியள் எண்டு."

இவர் அவருடைய தாளை எடுத்துப் பார்த்தார். வீணை ரீச்சரின் தாளைப் பார்த்தார். பெண்களின் தாளைப் பார்த்தார். ஆர்மோனியக்காரர்தான் திரும்பவும் வாயைத் திறந்தார்.

"என்ன மாஸ்ரர், வயலினைக் கழட்டப் போறியளோ? பிள்ளை, நீயும் எங்கையேன் வெளிக்கிடுறியோ, சொல்லன்!"

பகிடிக்குத்தான் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. பாடுகிற பெண்கள் ஆறு பேரும் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். தமையன் பாஸ் எழுதுகிற இடத்தில் இருக்கிற அவளும் பார்த்தாள். பிள்ளை வயலினை நாடியில் வைத்தபடியே இருந்தாள், எடுக்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் அப்படி இருந்தால் அவள் அழுதுவிடுவாள்.

நான் வெளியே வந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் நான் கதைத்தது அதுதான் முதல் தரம்.

"அது என்ரை பிழை," என்றேன். சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது. "தாள் எல்லாம் கலந்துபோய்க் கிடந்தது. வயலின்ரையைப் பார்த்து மற்ற ஆக்களுக்கும் எழுதிப்போட்டன். பேந்துதான் பார்த்தன், சொல்லப் பயத்தில சொல்லேல்லை."

இவர் என்னைப் பார்த்தார். பத்து வருடத்தில் நான் ஒரு புள்ளியைக்கூட மாற்றி வைத்ததில்லை. அது இவருக்குத் தெரியும். ஆனால் கோபம் வந்தால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

"பார்த்து எழுதிறதுக்குக்கூட ஏலாதோ உமக்கு? அஞ்சாம் வகுப்போட நிண்ட ஆளிட்டைக் கொப்பியைக் குடுத்த என்னைச் சொல்ல வேணும்!"

அப்போதுதான் சிரித்தார்கள். "விடுங்கோ மாஸ்ரர், அக்கா சமைச்சுக்கொண்டு எழுதியிருப்பா, நல்லகாலம் உப்புப் புளி எழுதேல்லை," என்றார் ஆர்மோனியக்காரர். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். முகம் எரிந்தது. ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் சிரிக்கட்டும் என்று நின்றுகொடுத்தேன்.

"கொண்டாங்கோ உந்தத் தாள்களை. கிழிச்சுப்போட்டுத் திரும்ப எழுதுவம்."

"கடதாசி இல்லை," என்றேன். "நான் வெட்டித் தாறன்."

பேனையை எடுத்து வந்து அங்கேயே பாயில் குந்தியிருந்து வெட்டினேன். வழக்கமாக வெட்டினால் எழுத்துத் தெரியாமல் இரட்டைக் கோடு கீறுவேன். அன்று அடிமட்டத்தை வைத்து, வரிக்கு ஒரேயொரு மெல்லிய கோடு. எழுத்தும் புள்ளியும் அதற்குக் கீழே அப்படியே இருந்தன.

ஆட்கள் போனபிறகு, வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளை குசினிப் பக்கம் வந்தாள்.

"என்னால உங்களுக்குப் பேச்சு, அன்ரி."

"பேச்சுத்தானே. ஒண்டும் கதையாதை. போ."

பிறகு இரண்டு கிழமை. காலையில் எழும்பியதும் படலையைத்தான் பார்ப்பேன். அவள் இடியப்பப் பெட்டியோடு போவாள். அப்பாடா என்று இருக்கும். உடனே, இன்றைக்கும் போகவில்லையே என்று பயமாகவும் இருக்கும். பழக்கங்கள் நடந்தன. பிள்ளை நாளுக்கு நாள் நன்றாக வாசித்தாள். இவர் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இவளை நம்பித்தான் கிடக்குது," என்றார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சுளகில் இருந்து பாதி நிலத்தில் கொட்டுண்டது.

திருநாளன்று விடியற்காலை முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். அவள் தெருவால் வந்தாள். கையில் பெட்டி இல்லை.

நிற்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. முந்தானைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு போனாள். நான் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றேன். பிள்ளை இதற்குள் களப்பைக் கடந்திருப்பாள். ஆனால் அந்தப் பக்கமும் பாஸ் பார்க்கிற இடங்கள் இருந்தன. கடைசி இடத்தைத் தாண்ட இரண்டு மூன்று நாளும் ஆகலாம். அதுவரைக்கும் இங்கே ஒரு சொல் எழும்பினால் போதும்.

இவர் வேட்டி சால்வையோடு சைக்கிளை எடுத்தார். நான் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் கரியரில் இருந்தேன். இவர் அந்தப் பன்னிரண்டு வரியையும் முணுமுணுத்தபடி மிதித்தார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது சொல்லலாமா, இப்போது சொல்லலாமா என்று ஒவ்வொரு ஒழுங்கை திரும்பும்போதும் நினைத்தேன். இந்த முகத்தோடு இவர் கோவிலுக்குள் போனால்? கோவிலும் வந்துவிட்டது.

கூட்டம் கூடினால் குண்டு போடப் பொம்மர் வரலாம் என்ற பயத்தில் திருநாள் பூசையைக் காலையிலேயே வைத்திருந்தார்கள். பூசை முடிந்ததும் பாட்டு, உடனே எல்லாரும் கலைய வேண்டும் என்று பூசை வைக்கிற சுவாமி சொல்லியிருந்தார். பூசை முடிந்தது. எல்லாரும் இருந்தார்கள். வீணைக்குப் பக்கத்தில் வயலின் இருக்கிற இடத்தில் பாய் மட்டும் கிடந்தது.

"பிள்ளை எங்கை?" என்று இவர் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. சுவாமி மணிக்கூட்டைப் பார்த்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினார்கள்.

நான் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தேன். எழும்பினேன்.

"காய்ச்சலாம். தாய் காலமை சொல்லிவிட்டவா. நான் சொல்ல மறந்துபோனன்."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பாயைப் பார்த்தார். பிறகு குனிந்து வீணை ரீச்சரின் தாளை எடுத்தார். வெட்டிய வரிகளில் விரலை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போனார். அந்த ஒற்றைக் கோட்டைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் எப்படி வெட்டுகிறவள் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் இவர்தான்.

இனி முகத்தில் வந்துவிடும் என்று பயந்தேன். எல்லாரும் பார்த்துவிடுவார்கள், புல்லாங்குழல்காரருக்கு நடந்தது பிள்ளைக்கும் நடக்கும் என்று செபமாலையை இறுக்கிப் பிடித்தேன்.

ஒன்றும் வரவில்லை. இவர் முகம், கழுவிவைத்த கல்லுமாதிரி இருந்தது. இவரை அப்படி நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

"காய்ச்சல் எண்டால் என்ன செய்யிறது," என்றார். சாதாரணமாகச் சொன்னார். "வெட்டினதை வாசியுங்கோ."

"வெட்டினதையோ மாஸ்ரர்?" என்றார் ஆர்மோனியக்காரர்.

"ஓம், வெட்டினதைத்தான். பிழையாய் எழுதினது இண்டைக்கு உதவுது. வாசியுங்கோ."

வாசித்தார்கள். பாட்டு நின்ற இடத்தில் வீணை தொடங்கியது. இரண்டாம் வரியில் ரீச்சரின் விரல் தடக்கி ஓர் அடி பிந்தியது. இவர் தாளத்தை ஓர் அடி பொறுத்துக் கொடுத்தார். ஆர்மோனியம் பிடித்துக்கொண்டது. கடைசி நாலு வரியைப் பெண்கள் எடுத்தபோது குரல் முழுதாக எட்டவில்லை; எட்டாமல் கம்மிப்போனது. அந்த இடத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி விம்மினா. இவர் நினைத்தது இது இல்லை. ஆனால் நின்றுபோகவில்லை.

வெளியே வந்தபோது கோவில் படலைக்கு அந்தப் பக்கம் புல்லாங்குழல்காரர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். முழுவதையும் கேட்டிருக்கிறார். வயலின் இல்லாததின் அர்த்தம் மற்ற எல்லாரையும்விட அவருக்குத்தான் முதலில் விளங்கியிருக்கும். என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். இவரோடு அவர் பிறகும் கதைக்கவில்லை. அது அப்படியே போயிற்று.

வீட்டுக்கு வந்தோம். சோறு போட்டேன். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். இப்போது கேட்பார், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்பார் என்று நான் குசினியில் நின்றேன்.

"இஞ்சாரும்," என்றார்.

"ம்."

"வீணைக்கு அந்த நாலு வரி கனம். ரீச்சருக்கு அந்த இழுப்பு வராது. ஆர்மோனியத்தை முதலில விட்டு, வீணையை நடுவில விட்டிருக்க வேணும்."

நான் சட்டியைக் கழுவிக்கொண்டே, "எனக்கு எங்கை தெரியும்," என்றேன்.

"கடைசி நாலும் சரி. அதை நான் எண்டாலும் பொம்பிளையளுக்குத்தான் குடுத்திருப்பன்."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை எங்கே என்றும் கேட்கவில்லை.

பழக்கத்தில் யார் கேட்டாலும், "காய்ச்சல் இன்னும் மாறேல்லையாம்," என்று அதே முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, தாய் இடியப்பப் பெட்டியோடு படலைக்கு வந்தாள். பத்து இடியப்பத்தை எண்ணி வைத்துவிட்டு, பெட்டிக்கு அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். பிள்ளையின் வயலின் தாள்.

"இது இனி அவளுக்குத் தேவைப்படாது அக்கா," என்றாள். வாய் சிரித்தது, கண் ஒழுகியது. "பெரியக்காவின்ரை கண்ணும் நல்லாத் தெரியுதாம்."

அந்தத் தாளை இவர் மேசையில் வைத்தேன். பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தார். விரித்து, ஒருமுறை முணுமுணுத்து, மடித்து, மற்றத் தாள்களோடு சேர்த்துவைத்தார்.

அடுத்த உருப்படியை எழுதத் தொடங்கியது நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால். என்னைக் கோடு கீறித் தரச் சொன்னார். வழக்கம்போலத் தாளின் அடிவரைக்கும் நெருக்கமாகக் கீறிக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஒவ்வொரு ஆளின்ரை தாளிலும் அடியில நாலு வரி வெறுமையா விடும்."

"இருக்கிற கடதாசி இவ்வளவுதான்," என்றேன். "வீணாய்ப் போகும்."

"போகட்டும். விடும்."

விட்டேன்.